கணிப்பொறிப் பாடம்: தாமதம் கடலிலா, களஞ்சியத்திலா?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையிலிருந்து நம் தீவுகளுக்கு வரும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு பெரிய தடம். அங்கிருந்து ஸ்வராஜ் தீப், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், ரங்கத், லாங் ஐலண்ட் என ஏழு இடங்களுக்குக் கிளைகள். யெரட்டா துறையில் படகேறிப் போக வேண்டிய நம் சின்ன லாங் ஐலண்டும் அந்த ஏழில் ஒன்று என்பது அங்குள்ள குடும்பங்களுக்குப் பெருமைதான்.

கேபிள் வந்தது. ஆனால் கவுண்டரில் நிற்பவரும் கவுண்டருக்குள் இருப்பவரும் சொல்லிக் கொள்ளும் ஒரு வார்த்தை மட்டும் மாறவில்லை. "நெட் ஸ்லோ." கப்பல் சீட்டு வரவில்லையா, நெட் ஸ்லோ. சான்றிதழ் திறக்கவில்லையா, நெட் ஸ்லோ. வங்கியின் பக்கத்தில் வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறதா, அதுவும் நெட் ஸ்லோதான். செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த நாட்களில் இது பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இன்று பல நேரங்களில் இது வெறும் ஊகம். தாமதம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கலாம். அந்த இடம் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம். அங்கே மெதுவாக ஓடும் வினவலைக் கண்டுபிடிப்பதும் சரி செய்வதும் எப்படி என்பதே இந்தப் பாடம். கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தொழில். மற்றவர்களுக்கு, மதியப் படகைத் தவற விடாமல் வீடு திரும்புவது சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் வழியின் கணக்கைப் பார்த்து விடுவோம். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் கேள்வி மேலே போய்க் கீழே இறங்க ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் போனாலும் கால் வினாடி ஆகிறது. பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஆக, ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது; ஒளியை விரட்ட யாராலும் முடியாதல்லவா? கடலடிக் கேபிளில் தூரம் மிகக் குறைவு. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் நேர்க்கோட்டில் 1,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய் வர வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிவினாடி என்று வைத்துக் கொண்டாலே தாராளம். லாங் ஐலண்ட் வரையிலான கூடுதல் தூரம் இந்தக் கணக்கில் தூசு.

இப்போது ஒரு கற்பனை அலுவலகம். லாங் ஐலண்டில் ஒரு கணிப்பொறியில் நிரல் ஓடுகிறது. தரவுத்தளம் சென்னையில் இருக்கிறது. ஒரு கப்பலில் 120 பயணிகள். நிரலை எழுதியவர் முதலில் பயணிகள் பட்டியலைக் கேட்கிறார். பிறகு ஒவ்வொருவருக்கும் தீவுவாசி அட்டை உண்டா என்று தனித்தனியாகக் கேட்கிறார். மொத்தம் 121 கேள்விகள். செயற்கைக்கோளில் 121 அரை வினாடி, அதாவது ஒரு நிமிடம். கேபிளில் அதே 121 கேள்விக்கு இரண்டரை வினாடி கூட ஆகாது. எல்லோரும் கேபிளைப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து ஒரே வினவலாகக் கேட்டிருந்தால் செயற்கைக்கோள் காலத்திலேயே அரை வினாடியில் முடிந்திருக்கும். மளிகைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று யாராவது அனுப்புவோமா? சீட்டு எழுதித்தானே கொடுப்போம்! நிரல் எழுதுபவர்களில் பலர் இந்தச் சீட்டை எழுதுவதில்லை.

இது வழியில் உள்ள தாமதம். கேபிளால் குறையாத தாமதம் இன்னொன்று உண்டு.

நம் கற்பனை அலுவலகத்தில் பழைய பயணச்சீட்டுகளின் அட்டவணையில் 50 லட்சம் வரிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு வரிக்கு 200 பைட் என்றால் மொத்தம் ஒரு ஜிகாபைட். போஸ்ட்கிரெஸ் எனும் இலவசத் தரவுத்தள மென்பொருள் இதை 8 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வட்டில் வைக்கும். ஏறத்தாழ 1,22,000 பக்கங்கள். ஒரு பெரியவர் வந்து, "போன மாதம் எடுத்த சீட்டு தொலைந்து விட்டது, அட்டை எண் இதுதான், தேடிக் கொடுங்கள்" என்கிறார். அட்டை எண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுவதைத் தவிர அந்த மென்பொருளுக்கு வேறு வழியில்லை. வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் சுழல் வட்டில் பத்து வினாடி. ஐந்து கவுண்டர்களில் ஒரே சமயத்தில் இப்படிக் கேட்டால் வட்டு திணறிப் போகும். இந்தப் பத்து வினாடி, கேபிள் வருவதற்கு முன்பும் பத்து வினாடிதான், வந்த பின்பும் பத்து வினாடிதான். கம்பியை இரண்டு மடங்கு தடிமனாக்கினாலும் பெரியவர் நின்று கொண்டேதான் இருப்பார்.

இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்றது. பெரும்பாலான தரவுத்தளங்களில் அது பி-ட்ரீ எனும் மர வடிவில் இருக்கும். ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்னும் இருவர் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது வகுத்த முறை இது. 1970-களின் தொடக்கத்தில் வெளியானது. இன்றுவரை அசையாமல் நிற்கிறது. மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து 200 கிளைகள் பிரிகின்றன என்று கொள்ளுங்கள். இரண்டாம் படியில் 40,000. மூன்றாம் படியில் 80 லட்சம். 50 லட்சம் வரிகளுக்கு நடுவே ஒரு சீட்டைத் தேட மூன்று பக்கங்களும், பிறகு அந்தச் சீட்டு இருக்கும் பக்கமும் போதும். 1,22,000 எங்கே, நான்கு எங்கே!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் போட்டு விடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் புதிய சீட்டு ஒன்று சேரும்போதெல்லாம் அத்தனை இன்டெக்ஸையும் திருத்த வேண்டும். பத்து இன்டெக்ஸ் போட்டால் தேடுவது வேகமாகும், பதிவு செய்வது மெதுவாகும். எனவே எது உண்மையில் மெதுவாக ஓடுகிறது என்று தெரிந்து கொண்டுதான் கை வைக்க வேண்டும். இதற்குத்தான் கண்காணிப்பு தேவைப்படுகிறது. பெரும்பாலான சிறிய அலுவலகங்களில் இதுதான் நடப்பதில்லை.

மை எஸ்.கியூ.எல். மென்பொருளில் 'ஸ்லோ கொயரி லாக்' என்று ஒரு பதிவேடு உண்டு. அளவு கடந்து நேரம் எடுக்கும் வினவல்களைத் தானே எழுதி வைக்கும். ஆனால் மென்பொருளை நிறுவும்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்; நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும் அளவு 10 வினாடி என்று இருக்கும். அதாவது ஒன்பது வினாடி ஓடும் வினவல் அதன் கண்ணுக்குக் குற்றமே இல்லை. ஒரு வினாடி, முடிந்தால் அரை வினாடி என்று குறைத்து வைப்பது நல்லது. போஸ்ட்கிரெஸிலும் இத்தகைய பதிவு உண்டு; அதையும் நாமே இயக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டை மட்டும் நம்பினால் ஒரு பொறியில் மாட்டிக் கொள்வோம். மாத அறிக்கை தயாரிக்கும் ஒரு வினவல் 10 வினாடி ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை. மொத்தம் 50 வினாடி. வேறொரு வினவல், காலி இடம் உண்டா என்று பார்ப்பது, வெறும் 0.2 வினாடிதான், ஆனால் நாளைக்கு 40,000 முறை ஓடுகிறது. மொத்தம் 8,000 வினாடி, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பதிவேட்டில் முதலாவதுதான் விழும். சர்வரின் உயிரை வாங்குவதோ இரண்டாவது. வீட்டில் தண்ணீர்த் தொட்டி காலியாவது என்றோ ஒரு நாள் வண்டி கழுவுவதாலா, இரவும் பகலும் சொட்டும் குழாயாலா என்று கேட்பது போலத்தான் இதுவும். போஸ்ட்கிரெஸில் 'பி.ஜி. ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ்' என்னும் கூடுதல் பகுதி, ஒவ்வொரு வினவலும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைக்கும். அதைச் சேர்க்க சர்வரை ஒரு முறை நிறுத்தி இயக்க வேண்டும்; அவ்வளவுதான் சிரமம். மொத்த நேரப்படி அடுக்கி, மேலே உள்ள ஐந்தை முதலில் பாருங்கள்.

சராசரியும் ஏமாற்றும். நாள் முழுவதும் ஒரு நொடிப்பொழுதில் ஓடும் வினவல், கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கும் காலை நேரத்தில் மட்டும் 15 வினாடி எடுக்கலாம். நாள் சராசரியில் அது கரைந்து போகும். வரிசையில் நின்றவருக்கு அது கரையாது. எனவே மணிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஆள் இல்லாத நேரத்தில் அதே வினவலை ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதில் பொருள் இல்லை. மேலும், ஒரு முறை படித்த பக்கங்களைச் சர்வர் நினைவகத்தில் வைத்துக் கொள்ளும். இரண்டாம் முறை கேட்டால் வேகமாக வரும். சோதிப்பவர் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் முறையைத்தான்.

குற்றவாளி கிடைத்த பின் காரணம் கேட்க வேண்டுமே. அதற்கு 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' என்ற கட்டளை. வினவலின் முன்னால் அதைச் சேர்த்தால், எந்த அட்டவணையை எப்படிப் படித்தது, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் ஆனது என்று மென்பொருளே விளக்கும். 'சீக் ஸ்கேன்' என்றால் முழுவதையும் புரட்டியது; 'இன்டெக்ஸ் ஸ்கேன்' என்றால் சொல்லடைவு வழியே போனது. சிறிய அட்டவணையில் சீக் ஸ்கேன் தவறே அல்ல. நான்கு பக்கப் புத்தகத்துக்குச் சொல்லடைவு எதற்கு? கவனிக்க வேண்டிய இன்னொன்று, எத்தனை வரி வரும் என்று அது எதிர்பார்த்ததும் உண்மையில் வந்ததும். பத்து என்று எண்ணி நான்கு லட்சம் வந்திருந்தால், அட்டவணை பற்றிய புள்ளிவிவரம் பழையதாகி இருக்கலாம். 'அனலைஸ்' கட்டளையைத் தனியாக ஒரு முறை ஓட்டினாலே பல நேரம் சரியாகி விடும். எச்சரிக்கை ஒன்று: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையிலேயே ஓட்டும். அழிக்கும் வினவலுக்கு முன்னால் போட்டால் அழித்தே விடும்.

தமிழர்களான நமக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பெயர்கள். கே. முருகன் ஓர் அட்டையில் 'கே முருகன்'. மற்றொன்றில் 'முருகன் கே'. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரை விரித்து எழுதிய நீண்ட பெயர். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் தந்தை பெயரே நம் குடும்பப் பெயராகி விடுகிறது. இப்படி எழுதப்பட்ட பட்டியலில் தேடும் எழுத்தர் என்ன செய்வார்? பெயரில் எங்காவது 'முருகன்' என்று வந்தால் காட்டு என்று கேட்பார். இன்டெக்ஸ் இருந்தும் பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான். முன்பு வீடுகளில் இருந்த தொலைபேசிக் கையேட்டில் 'மு' எழுத்தைத் திருப்பி முருகனைத் தேடலாம். நடுவில் எங்கோ முருகன் இருக்கும் பெயர்களைத் தேடு என்றால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதுதான். சர்வருக்கும் அதே கதி.

இதற்குத் தீர்வு உண்டு. போஸ்ட்கிரெஸில் 'டிரைகிராம்' என்னும் முறை, பெயரை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி அவற்றுக்கு இன்டெக்ஸ் போடும். பெயர் எங்கே தொடங்கினாலும் கிடைக்கும். எழுத்துக்கூட்டல் சற்றுப் பிசகியிருந்தால்கூட நெருக்கமானதைக் காட்டும். முதலெழுத்தைத் தனிக் கட்டத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தொடக்கத்திலேயே தீர்ந்து விடும். எழுத்தர் பெயரைக் கேட்காமல் அட்டை எண்ணைக் கேட்கும்போது நாம் முகம் சுளிக்கிறோம். பெரும்பாலும் அவர் நம் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பார்க்கிறார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பிழை, தேதியில் நடக்கும். 2024-ஆம் ஆண்டுச் சீட்டுகள் வேண்டும் என்பதற்கு, ஒவ்வொரு தேதியிலிருந்தும் ஆண்டைப் பிரித்தெடுத்து 2024-ஆ என்று ஒப்பிடும்படி எழுதுவார்கள். தேதிக்கு இன்டெக்ஸ் இருந்தாலும் உதவாது. 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1-க்கு முன்பு வரை என்று எழுதினால் இன்டெக்ஸ் உடனே வேலை செய்யும். விடை ஒன்றுதான், வாசகத்தை மாற்றியதில் சில வினாடிகள் மிச்சம்.

சில நேரம் வினவலில் பிழையே இருக்காது. அது காத்துக் கொண்டிருக்கும். ஒருவர் ஒரு பயணியின் பதிவைத் திருத்தத் தொடங்கி, முடிக்காமல் தேநீர் குடிக்கப் போய் விட்டார். அந்த வரி பூட்டப்பட்டிருக்கிறது. அதே வரியைத் திருத்த வேண்டிய மற்றவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். இதற்கு இன்டெக்ஸ் போட்டு என்ன பயன்? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலும் இந்த மென்பொருள்களில் உண்டு. திறந்தபடி சும்மா கிடக்கும் வேலைகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாகவே முறித்து விடும்படியும் அமைக்கலாம்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ரயில் முன்பதிவைப் பார்க்கலாம். கப்பலில் சென்னை இறங்கி மதுரைக்கோ நெல்லைக்கோ போகும் நம் குடும்பங்களுக்கு தட்கல் பதிவின் பாடு தெரியும். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அந்த நிமிடத்தில் நாடே ஒரு வாசலில் நிற்கிறது. 2014-இல் புதிய இணையப் பதிவு முறை வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டதாக ரயில்வே அறிவித்தது. இதற்குப் பயன்படுத்தியவற்றில் ஒன்று, அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் வட்டில் தேடாமல் பல சர்வர்களின் நினைவகத்திலேயே வைத்துப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு. வண்டியில் இடம் உண்டா என்று பார்ப்பவர்கள் ஏராளம். பணம் கட்டிப் பதிவு செய்பவர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். பார்ப்பவரையும் பதிபவரையும் ஒரே வட்டில் மோத விடாமல் பிரித்து வைப்பது நல்ல யோசனை. நம் ஊர்ச் சிறிய அமைப்புகளுக்கும் அது பொருந்தும்.

படிக்கும் பிள்ளைகள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். 'ஜெனரேட் சீரீஸ்' என்ற வசதியால் 50 லட்சம் வரி கொண்ட அட்டவணையைச் சில நிமிடங்களில் உருவாக்கி விடலாம். ஓர் எண்ணைத் தேடி எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் காட்டும் நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். இன்டெக்ஸ் போட்டு மறுபடி குறியுங்கள். பிறகு நான்கைந்து இன்டெக்ஸ் போட்டு விட்டு ஒரு லட்சம் வரிகளைச் சேர்த்து, அதற்கு ஆகும் நேரத்தையும் பாருங்கள்.

கவுண்டருக்கு வெளியே நிற்கும் நாம் என்ன செய்யலாம்? வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி இருந்தால் தாமதம் எங்கே என்பதை ஓரளவு நாமே அளக்க முடியும். 'பிங்' கட்டளை, கேள்வி போய் வரும் நேரத்தைக் காட்டும். நூறு மில்லிவினாடிக்குள் சீராக இருந்தால் வழியில் பெரும்பாலும் குறையில்லை. ஆயிரத்தைத் தாண்டினாலோ விட்டு விட்டு வந்தாலோ வழியைத்தான் சந்தேகிக்க வேண்டும்; கேபிள் நன்றாக இருந்தும் நம் ஊர் செல்பேசிக் கோபுரத்தில் நெரிசல் இருக்கலாம். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது. அப்போது வேறு பெரிய தளம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அடுத்து, குரோம் உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து கொண்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியிலும் சர்வரின் பதிலுக்காகக் காத்த நேரம் தனியாகவும், பதிலை இறக்கிய நேரம் தனியாகவும் தெரியும். பிங் 40 மில்லிவினாடி, காத்த நேரம் 12 வினாடி என்றால், அந்தப் பன்னிரண்டு வினாடியும் பெரும்பாலும் சர்வரின் வீட்டுக்குள்ளேதான் கழிந்திருக்கிறது.

புகார் எழுதும்போது "நெட் ஸ்லோ" என்று எழுதாதீர்கள். அது கேபிள்காரரிடம் போகும். அவர் கம்பி நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதி மூடி விடுவார். நாள், மணி, எந்தப் பக்கம், என்ன தேடினீர்கள், பிங் எவ்வளவு, காத்த நேரம் எவ்வளவு என்று ஆறு வரி எழுதுங்கள். மூன்று நாள் அதே மணிக்கு அளந்து எழுதினால் இன்னும் நல்லது. அந்த மணி நேரத்தைப் பதிவேட்டில் திறந்து பார்க்க, சர்வரைப் பராமரிப்பவருக்கு அந்த ஆறு வரி போதும்.